லிப்டன் உட்கார்ந்திருக்கிறார்

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இலங்கையின் மலைநாட்டைப் புரட்டிப்போட்ட நாள்களில் வெளிநாட்டு நண்பர்கள் சிலர் எனக்கு மின்னஞ்சல் எழுதினார்கள். பதுளை மாவட்டத்து மண்சரிவுகளைப் பற்றிய செய்திகள் அப்போது ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எழுதியவர்கள் நல்ல மனிதர்கள், தமிழர்கள், படித்தவர்கள். அவர்களில் மூவர் கேட்டிருந்த கேள்வி ஒன்றேதான். எல்லவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே?

பாலத்தை விசாரிப்பது குற்றமில்லை. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட அழகான பாலம் அது. ஆனால் அதைச் சூழ்ந்த மலைகளில், எப்போது சரியுமோ என்று அண்ணாந்து பார்த்தபடி லயங்களில் குடியிருக்கும் மக்களைப் பற்றி அம்மடல்களில் ஒரு வரியேனும் இல்லை. இதற்கு அந்த நண்பர்களை மட்டும் நொந்து பயனில்லை. அவர்கள் அறிந்த மலையகம் ஒரு வானில் ஏற்றி, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, ஒரே நாளில் காட்டப்பட்ட மலையகம். அதில் பாலம் இருந்தது, நீர்வீழ்ச்சி இருந்தது, லிப்டன் இருந்தார், துரைமாரின் பங்களா இருந்தது. கூடை சுமந்த பெண்களும் இருந்தார்கள், புகைப்படத்தில். அந்தப் பெண்களுக்கு ஒரு வரலாறு உண்டென்று அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் எவரும் சொல்லவில்லை. அது மறதியால் நேர்ந்த குறை என்று சொல்லித் தப்ப முடியாது. சொல்லாதிருப்பதையே மூலதனமாகக் கொண்டு ஒரு வியாபாரம் அங்கே நடக்கிறது என்பது என் கட்சி.

காற்றில் கத்தி வீசுவதாக யாரும் நினைக்கவேண்டாம். அந்த ஒருநாள் சுற்றுலாவில் நானும் ஏறிப் பார்த்தவன். பதுளை நகரில் சிறு கடை வைத்திருந்த ஒருவரின் மகன் நான். தோட்டத்துப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். சொந்த ஊரை யாரும் சுற்றுலாவாகப் பார்ப்பதில்லை. 2023இல் கனடாவிலிருந்து என் மைத்துனர் குடும்பம் வந்திறங்கி, எல்லாம் இணையத்திலேயே பதிவு செய்தாயிற்று, அத்தான் கட்டாயம் வரவேண்டும் என்று பிடிவாதம் செய்ததால் போனேன். ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. திகதியை நினைவில் வைத்திருக்கக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பத்து மணிக்குமேல் முகில் மூடிவிடும் என்பதால் முதலில் லிப்டன் இருக்கை. அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைத் தோட்டம் வழியாக ஏறவேண்டும். ஏறக்குறைய 1,970 மீட்டர் உயரம். வானம் தெளிந்திருந்தால் தெற்கே சமவெளி முழுவதும் காலடியில் விரியும். அங்கே ஒரு வாங்கில் கால்மேல் கால் போட்டு, கையில் கோப்பையுடன் லிப்டன் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் வரிசையில் நின்று, முறை வந்ததும் அவருடைய தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் எடுத்தார்கள்.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். மூன்று மொழியும் சரளம். அவருடைய உரை அப்பழுக்கில்லாமல் இருந்தது. கிளாஸ்கோ நகரில் ஏழைப் பெற்றோருக்குப் பிறந்த தோமஸ் லிப்டன், சிறுவனாகக் கப்பலேறி அமெரிக்கா சென்றது, திரும்பி வந்து மளிகைக் கடை திறந்தது, கடைகள் பெருகியது, 1890இல் இலங்கைக்கு வந்து இந்தத் தோட்டங்களை வாங்கியது, அதே ஆண்டில் தம்பேத்தன்னைத் தொழிற்சாலை எழுந்தது, பாய்க்கப்பல் போட்டியில் ஐந்து முறை அமெரிக்கரோடு மோதி ஐந்து முறையும் தோற்றது வரை எல்லாம் சொன்னார். 'இந்த இடத்தில் அமர்ந்துதான் தன் சாம்ராஜ்யத்தைப் பார்த்தார்' என்று முடித்தார். எல்லோரும் கீழே பார்த்தோம். பச்சைச் சரிவுகளும், அவற்றுக்கு நடுவே தகரக் கூரையிட்ட லய வரிசைகளும் தெரிந்தன. லயங்களைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. கேட்கவும் படவில்லை.

சொல்லப்படாததை நான் சொல்கிறேன். லிப்டன் வந்த 1890இல் இலங்கையில் தேயிலைக்கு வயது 23. லூல்கந்துரையில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெயிலர் அதை வர்த்தகப் பயிராக நட்டது 1867. அதற்கும் முன்னால், கோப்பிக் காலத்திலேயே, 1820கள் தொடங்கி, திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்திய மக்கள் கங்காணிகளின் பின்னால் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து மலைக்கு ஏறினார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மடிந்தோர் தொகையை 1849இல் அன்றைய 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை, எட்டு ஒன்பது ஆண்டுகளில் 70,000 என்று மதிப்பிட்டது. அந்த எண் மிகை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. பாதியென்றே வைத்துக்கொள்ளுங்கள், அதற்காக அந்தப் பாதை சுடுகாடாக இல்லாமற் போய்விடாது.

1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியைக் கொன்றது. அழிந்த கோப்பித் தோட்டங்கள் அடிமாட்டு விலைக்கு வந்தன. லிப்டன் வாங்கியது அந்த விலைக்கு. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், அதிலும் கொழுந்து கிள்ளப் பெண்கள் வேண்டும். எனவே குடும்பங்களாக நிறுத்தப்பட்டார்கள். குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அந்தக் கைகள் இல்லாவிட்டால் அந்த வாங்கில் உட்கார்ந்து பார்க்க லிப்டனுக்கு வெறும் காடுதான் இருந்திருக்கும். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குடுவைக்கு என்பது அவருடைய புகழ்பெற்ற விளம்பரம். அந்த 'நேரே' என்ற சொல்லுக்குள் எத்தனை ஆயிரம் பேர் காணாமற் போனார்கள்! 1931இல் இறந்தபோது தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பிறந்த ஊரான கிளாஸ்கோவுக்கு எழுதிவைத்தார். ஊர்ப்பற்றுள்ள மனிதர்தான். அந்தச் செல்வம் விளைந்த ஊர் எது என்பதும் உரையில் ஒரு வரி பெறலாம்.

லிப்டனைத் திட்டுவது என் நோக்கமில்லை. செத்து 90 ஆண்டுக்கு மேலான மனிதரோடு எனக்கென்ன வழக்கு? அந்தத் தோட்டம் இன்று அவருடைய கம்பனியின் கையிலும் இல்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. லிப்டன் என்ற பெயரையே யூனிலீவர் 2022இல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. பெயர் கைமாறிற்று, நிலம் கைமாறிற்று. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவர்கள் ஒரே ஒரு சாரார்தான். அவர்களைப் பற்றித்தான் உரையில் ஒன்றுமில்லை.

அடுத்தது தொழிற்சாலை. தோட்டத்து மக்கள் வாயில் அது 'ஸ்டோர்'. கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, புளிக்க விடுவது, சூடுகாட்டுவது, சலித்துத் தரம் பிரிப்பது என ஒவ்வொன்றும் விளக்கப்பட்டது. நல்ல விளக்கம். வெப்பநிலை, நேரம், ஈரப்பதம் எல்லாவற்றுக்கும் எண் சொன்னார்கள். இந்தக் கொழுந்தைப் பறித்தவருக்கு இன்று கிடைக்கும் சம்பளம் எவ்வளவு என்ற எண் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. அன்று அது 1,000 ரூபாய். 2015ஆம் ஆண்டு வாக்கில் எழுந்த ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை 2021 மார்ச்சில்தான் நிறைவேறியது. மறு ஆண்டே வந்த பொருளாதார நெருக்கடி அந்த ஆயிரத்தைத் தின்றுவிட்டது. பிறகு 2024இல் இழுபறியாகி, நீதிமன்றம் வரை போய், செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆயிற்று. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், வருகைக்கான ஊக்கத்தொகையையும் சேர்த்து 1,750 ஆக்கும் முன்மொழிவு வந்தது.

அந்த ஆயிரமும் சும்மா வராது. குறித்த நிறை கொழுந்து எடுத்தால்தான் ஒரு முழுப் 'பேர்'. குறைந்தால் 'அரைப் பேர்'. ஒரு நாள் உழைப்பைக் குறிக்கத் தோட்டத்தில் வழங்கும் சொல் 'பேர்' என்பதே எனக்கு எப்போதும் உறுத்தும். இரண்டு கிலோ குறைந்ததற்காக ஒரு மனுஷியைப் பாதியாக்கிக் கணக்குப் புத்தகத்தில் எழுதும் ஊரில், அவருடைய பெயரைச் சுற்றுலா உரையில் எதிர்பார்ப்பது என் பேதைமையோ என்னவோ.

கீழே இறங்கும் வழியில், சரிவொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களருகே வான் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். என் மைத்துனரின் மகள் ஒரு கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு சிரித்தாள். சிறு பெண், அவளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பெண்களில் ஒருவர் கையை நீட்டினார். மைத்துனர் நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, வானில் ஏறியதும், 'இப்போதெல்லாம் காசு கேட்கப் பழகிவிட்டார்கள்' என்றார். இதே வாக்கியத்தைப் பயணக் கட்டுரைகளிலும் படித்திருக்கிறேன். மிக மட்டமான வாக்கியம் அது. ஒருவரின் முகத்தைக் காட்டி வானுக்குப் பணம் வாங்குகிறார்கள், வழிகாட்டலுக்குப் பணம் வாங்குகிறார்கள், ஸ்டோரைப் பார்க்கப் பணம், லிப்டனின் பக்கத்தில் உட்காரப் பணம். முகத்துக்குரியவர் கேட்டால் மட்டும் அது பிச்சையாகிவிடுகிறது! படம் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் அவர் பறிக்க முடியாமற்போன கொழுந்துக்கு யார் கணக்கு வைப்பார்? அந்த நிறைக்குறைவு மாலையில் அவரைத்தானே அரைப் பேராக்கும்? சேலை கட்டி, கூடை மாட்டி, ஒரு மணி நேரம் கொழுந்து கிள்ளும் 'அனுபவம்' என்று இதையே தனிச் சரக்காக விற்பவர்களும் இன்று உண்டு. அதற்குச் சுற்றுலாப் பயணி பணம் கொடுக்கிறார். உலகத்திலேயே கூலிவேலையைப் பணம் கொடுத்துச் செய்யும் ஒரே கூட்டம்.

அந்தத் தேத்தண்ணிக் கடையில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. மற்றவர்கள் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நானும் வழிகாட்டியும் வெளியே நின்று பிளேன்டி குடித்தோம். 'தம்பிக்கு எந்தத் தோட்டம்?' என்று கேட்டேன். மலைநாட்டில் இது கேட்கக் கூடிய கேள்வி. சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் மகிழ்வார்கள். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, எதிர்மலையைக் காட்டினார்.

'அந்தா தெரியுது பாருங்க சார், அந்தப் பணிய லயம். அம்மா இன்னும் மலைக்குப் போறாங்க. தாத்தா, அப்பாயி எல்லாம் இந்த மலைக்குள்ளயே இருந்து செத்தவங்கதான்.'

'இதை வானிலே சொல்லலாமே?'

'அத யாரு சார் கேக்குறாங்க? ஒருக்கா சொன்னேன். எங்க அப்பாயிக்குப் பிரஜாவுரிமை இல்லாம இருந்த கதய. வானே அமைதியாயிருச்சு. அன்னைக்கு டிப்ஸும் இல்ல. பொறகு கம்பனிக்கு எழுதிட்டாங்க, கைடு சோகக் கதை சொல்றான், எங்க லீவு பாழாப்போச்சுன்னு.'

கம்பனி என்ன சொன்னது என்று கேட்டேன். மேலதிகமாக ஒன்றும் பேசாதே, கொடுத்த தாளில் இருப்பதைப் பேசு என்றார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். லிப்டனின் தகப்பனாருடைய பிழைப்புவரை மனப்பாடமாக ஒப்பிக்கும் ஒரு பிள்ளை, தன் அப்பாயியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது! இந்தக் கட்டுரையில் என் எதிர்வழக்காளி யார் என்று கேட்டால், அந்தத் தாளை எழுதியவர்தான். அவர் ஒரு தனி மனிதரில்லை என்பது தெரியும். ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய தாள் அது.

அன்று மதியம் அடிசம் பங்களா. சர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைத் துரை 1931இல் கட்டியது. இப்போது பெனடிக்ற் சபைத் துறவியரின் மடம். ஆங்கில நாட்டில் தான் பிறந்த ஊரின் பெயரைத் துரை அதற்குச் சூட்டினார் என்றார்கள். ரோஜாத் தோட்டம், கருங்கற் சுவர், பழைய நூலகம், துறவியர் செய்யும் பழப்பாகு. இருக்கட்டும், அமைதியான இடம். ஆனால் 1931 என்றதும் என் மனம் வேறு பக்கம் போயிற்று. இலங்கையில் சர்வஜன வாக்குரிமை வந்த ஆண்டு அது. துரை தம் மாளிகையைக் கட்டிய அதே ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் முதன்முறையாக வாக்குச்சாவடியைப் பார்த்தார்கள். 1947 தேர்தலில் அவர்களுடைய வாக்கால் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள்; ஒருவர் எங்கள் பதுளையிலிருந்து போனவர். சுதந்திரம் வந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சமும் 75,000 வீதம் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டது. மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லையாவது பிடித்துப் பார்ப்பார்கள்.

அப்புத்தளைப் புகையிரத நிலையத்தில் எங்கள் வான் பத்து நிமிடம் நின்றது, படம் பிடிக்க. 1893இல் இங்கு வந்த பாதை. நீல நிற ரயிலின் கதவில் தொங்கிக்கொண்டு, கூந்தல் பறக்க, இளம்பெண்கள் எடுக்கும் படம் இன்று உலகப் புகழ் பெற்றது. 1970களில் இதே தண்டவாளத்தில் போன வேறொரு ரயில் உண்டு. தலைமன்னாருக்குக் கப்பலேறப் போனவர்களின் ரயில். அதற்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அக்காவுக்கு இந்தியப் பிரஜாவுரிமை, தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று பிரிந்த குடும்பங்கள் மேடையில் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீலகிரியிலும் கூடலூரிலும் போய்க் கேட்டுப் பாருங்கள், அப்புத்தளையைப் பண்டாரவளையைப் பதுளையைச் சொந்த ஊர் என்று சொல்லும் முதியவர்களை இன்றும் காணலாம். எஞ்சியிருந்த நாடற்றவர் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. லிப்டனின் பாய்க்கப்பல் தோல்விகளுக்கு உரையில் இடமுண்டு, ஒப்பாரிக் கோச்சிக்கு இல்லை.

பெரகலையில் திரும்பி வெல்லவாய வீதியில் தியலும நீர்வீழ்ச்சிக்குப் போனோம். 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர். போகும் வழியில் கொஸ்லாந்தை வருகிறது. கொஸ்லாந்தைக்கு மேலே மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி, லயங்களை ஆளோடு மூடிய இடம். அந்த மண் நழுவும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் எங்கே போவார்கள்? போகச் சொன்னவர்கள் போவதற்கு நிலம் கொடுக்கவில்லை. எத்தனை பேர் புதைந்தார்கள் என்பதில் முதல் சில நாள் 100, 200, 300 என்று ஆளுக்கொரு எண் சொன்னார்கள்; பின்னர் அது வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஆள் எத்தனை என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில்தான் 21ஆம் நூற்றாண்டிலும் ஒரு சமூகம் இருந்தது. இது எனக்குப் பத்திரிகையாளன் என்ற முறையிலும் வெட்கமாக இருந்த விஷயம். தப்பியவர்களுக்கு ஈராண்டு கழித்தே புதுவீடு கிடைத்தது. எங்கள் வான் அந்தச் சந்தியைக் கடந்தபோது வழிகாட்டி நீர்வீழ்ச்சியின் உயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

மாலையில் எல்ல. பாலத்தைப் பார்த்தபின் ஒரு சிற்றுண்டிச்சாலையில் தேநீர். கோப்பை 600 ரூபாய். நான் ஒரு கணக்குப் போட்டேன், நீங்களும் போடலாம். ஒரு பெண் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து எடுக்கிறார் என்று வையுங்கள். அது காய்ந்து ஏறத்தாழ 4 கிலோ தேயிலையாகும். கோப்பைக்கு 2 கிராம் என்றால் 2,000 கோப்பை. அந்த இரண்டாயிரத்தில் இரண்டு கோப்பையின் விலைகூட அன்று அவருடைய நாட்சம்பளம் இல்லை. கடைக்கு வாடகை உண்டு, ஏலம் உண்டு, தரகு உண்டு, வரி உண்டு, எல்லாம் தெரியும். அத்தனையும் கழித்துப் பாருங்கள். கணக்கு அப்போதும் நெஞ்சில் உதைக்கிறது.

சுற்றுலாத் துறையினர் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். முதலாவது, வருகிறவன் இளைப்பாற வருகிறான், அவனிடம் போய்த் துயரத்தைக் கொட்டலாமா என்பது. சைகோனுக்குப் போய்ப் பாருங்கள். ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறிய அந்த இரைச்சல் மிக்க நகரில் சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒருநாள் வழிகாட்டியோடு சுற்றினேன். பிரெஞ்சுக்காரர் கட்டிய தபாலகம் காட்டினார்கள், தேவாலயம் காட்டினார்கள், சந்தை காட்டினார்கள். காட்டிவிட்டு நேரே போர் எச்சங்கள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். 1975இல் போர் முடிந்த அதே ஆண்டில் திறந்தது. வென்றவர்கள் எழுதிய வரலாறு அது, தோற்ற தரப்பின் துயரம் அங்கே இல்லை. அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆனால் உள்ளே அமெரிக்கப் பயணிகள் வாய்பொத்தி நின்றார்கள், வெளியே வந்து மீண்டும் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசினார்கள். யாருடைய விடுமுறையும் பாழாகவில்லை. மொரீசியசில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் இறங்கிய 'ஆப்ரவாசி காட்' 2006இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. அமெரிக்காவின் லூசியானாவில் வெள்ளை மாளிகைகளையும் பூந்தோட்டங்களையும் மட்டும் காட்டிவந்த தோட்டச் சுற்றுலாவுக்கு நடுவே, அடிமைகளின் பார்வையிலிருந்து கதை சொல்லும் விட்னி தோட்டம் 2014இல் திறக்கப்பட்டது. அங்கும் பணம் கொடுத்தே மக்கள் உள்ளே போகிறார்கள்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. சுற்றுலாவால் அந்த மக்களுக்கும் பிழைப்பு வருகிறதே, அதைக் கெடுக்காதீர்கள் என்பார்கள். எவ்வளவு வருகிறது, எப்படி வருகிறது என்று பார்ப்போம். எல்லவிலும் அப்புத்தளை நகரிலும் காணியுறுதி உள்ளவர் தம் வீட்டில் இரண்டு அறையைக் கூட்டிக் கட்டி, விடுதி என்று பலகை மாட்டிவிட்டார். நல்லது, பிழைக்கட்டும். லயத்தில் இருப்பவர் பலகை மாட்ட முடியுமா? அறை அவருடையதில்லை. நின்ற நிலமும் அவருடையதில்லை. அரசுக்குச் சொந்தம், கம்பனிக்குக் குத்தகை. இருநூறு ஆண்டு உழைத்த நிலத்தில் பத்துப் பேர்ச்சஸ் துண்டுக்கு உறுதி கேட்டு இன்னமும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் குடும்பங்களே மிகுதி. ஆகவே சுற்றுலா என்ற பொன்முட்டை வாத்து மலையைச் சுற்றி நடக்கும்போது, காணி உள்ளவன் முட்டையைப் பொறுக்குகிறான். காணி இல்லாதவன் மகன் ஓட்டோ ஓட்டுகிறான், மகள் விடுதியில் கோப்பை கழுவுகிறாள், தாய் படத்துக்கு நிற்கிறாள். வரலாற்றைச் சொல்லாமல் விடுவதும் காணியைக் கொடுக்காமல் விடுவதும் தனித்தனிச் செயல்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இவர்கள் இங்கே எப்போதிருந்து இருக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினால், அப்புறம் ஏன் இவர்களுக்கு நிலம் இல்லை என்ற கேள்வி தானே வந்துவிடும்.

ஆகஸ்ட் 5 என்று திகதி சொன்னேனே. மலையக மக்கள் வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த பாதையில் ஒரு நடைபயணம் நடந்தது. நாங்கள் லிப்டனோடு படம் பிடித்த அன்று அவர்கள் வெயிலில் நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வானில் எவருக்கும் அது தெரியவில்லை. மைத்துனர் யாழ்ப்பாணத்தில் தம் பாட்டனார் வீட்டுக் கிணற்றைத் தேடி இரண்டு நாள் அலைந்தவர். வேரைத் தேடுவது தெரியாதவரல்லர். ஆனால் மலையகம் என்றதும் எங்களில் பலருக்கு வேர் நினைவில்லை, குளிர்தான் நினைவு. 'தோட்டக்காட்டான்' என்ற சொல் சிங்களவர் வாயில் பிறந்ததன்று என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன். தமிழகத்திலிருந்து வரும் அன்பர்களும் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் படித்ததாகச் சொல்வார்கள். அந்தக் கதை நடந்த மாதிரியான லயம் ஒன்றைப் பார்த்தீர்களா என்றால், நேரமில்லை, நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி வாங்கப் போய்விட்டோம் என்பார்கள். இதே ஊவா மண்ணில் பிறந்து, தாம் ஆசிரியராயிருந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரில் சுமந்து, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் இந்த வாழ்வை எழுதி அடுக்கியிருக்கிறார். பதுளைக்கு வரும் வானில் அவர் பெயரை நான் கேட்டதில்லை.

செய்வதற்கு வழி இல்லாமலில்லை. கம்பளைக்கு அருகே ஒரு தோட்டத்தின் பழைய லயத்திலேயே 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பெரிய முதலீடு தேவைப்படாத முன்மாதிரி. அப்புத்தளையிலும் இடிக்கப்படவிருக்கும் லயங்களில் ஒன்றையேனும் இடிக்காமல் விட்டு, அந்தப் பத்துக்குப் பன்னிரண்டை உள்ளபடி காட்டலாம். வழிகாட்டிகளுக்கு உரிமம் கொடுப்பது சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. பாடத்தில் நான்கு பக்கம் சேர்ப்பதற்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை. லிப்டன் சிலையருகே மூன்று மொழியிலும் ஒரு பலகை நடலாம். தோட்டத்துப் பிள்ளைகளே வழிகாட்டிகளாக இருக்கும் ஊர் இது, ஆள் தேடி அலைய வேண்டியதுமில்லை.

அதுவரைக்கும், போகிற நீங்கள் கேளுங்கள். வான் பதிவு செய்யும்போதே தோட்டத்தில் பிறந்த வழிகாட்டி வேண்டும் என்று எழுதுங்கள். ஏறியதும், தம்பி, லிப்டன் கதை எங்களுக்குத் தெரியும், உங்கள் அப்பாயி கதையைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். கொஸ்லாந்தைச் சந்தியில் வானை நிறுத்தச் சொல்லுங்கள். படத்துக்கு நின்ற பெண்ணுக்குக் கூலி கொடுங்கள், பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பிப்போய் நிறுவனத்துக்கு எழுதும்போது, இந்தக் கைடு சொன்ன கதைக்காகத்தான் வந்தோம் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு முறைப்பாட்டால் வாயடைக்கப்பட்ட பிள்ளைக்கு அது போல் இருபது கடிதம் போய்ச் சேர்ந்தால், அந்தத் தாளைத் திருத்தி அச்சிடுவார்கள். வியாபாரிகள்தானே.